அத்தியாயம் 14: அண்ணன் வண்டியின் எம்ப்ளம்

போன வாரம் டிங்கரை நாம் விட்டுவிட்டு வந்தது ஷெட் வாசலில். அண்ணன் தன் காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. அண்ணன் கார் விற்றால் தம்பிக்கு என்ன வந்தது என்று அவன் மனைவியே கேட்டாள்.

பதில் அங்கேயே, அவனுக்கு எட்டடி பின்னால், கவர் போட்டு மூடிய அவனுடைய சொந்தக் காரில் ஒட்டியிருந்தது.

கல்லுடைக்கிற அப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருமே பதினைந்து வயதுக்குள் கல் சுமந்தவர்கள். அண்ணன் சென்ட்ரிங் வேலைக்குப் போய், சாரத்தின் மேல் நின்று பலகை அடித்து, இன்று நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற காண்டிராக்டர். தம்பி டிங்கர். நசுங்கி வருகிற காரைத் தட்டி நிமிர்த்திக் கொடுப்பவன். அவனுடைய பெயர் வீட்டிலேயே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

ஐம்பதாவது வயதில் அண்ணன் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே சீட். தரையோடு ஒட்டிப் போகும். இருபது வயதில் மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்றபோது கீழே அப்படி ஒன்று போனதாம். "அன்னைக்குக் கை நழுவி சுத்தியலைக் கீழ போட்டேன், மேஸ்திரி அறைஞ்சான். அந்த அறைக்காகவாவது வாங்கணும்னு வெச்சிருந்தேன்" என்பார்.

தம்பி வாங்கியது அதே கம்பெனியின் சின்ன வண்டி. அதே முகம், அதே கதவு, அதே விளக்கு, அதே இரண்டு சீட். உள்ளே இஞ்சின்தான் வேறு. அண்ணனுடையதில் ஆறு சிலிண்டர், இவனுடையதில் நாலு. விலையில் பாதிகூட வராது. அதையும் இவன் புதுசாக வாங்கவில்லை. லாரிக்கு அடியில் போய் நசுங்கிக் கிடந்ததை எடுத்து, பத்து மாதம் தட்டி, இழுத்து, வெல்டு வைத்து உயிர் கொடுத்தான். குடும்பத்தில் அண்ணன் வண்டிக்குப் பெரிசு என்று பெயர். இதற்குச் சின்னது.

அந்தப் பத்து மாதமும் அவன் நிமிர்ந்துதான் நடந்தான். வண்டி ரோட்டுக்கு வந்த முதல் வாரமே அந்த நிமிர்வு கெட்டது. பெட்ரோல் பங்கில் ஒருத்தன் ஆசையாகச் சுற்றி வந்து பார்த்தான். பின்பக்கம் போய் எம்ப்ளத்தைப் படித்தான். "ஓ, சின்னதா" என்றான். போய்விட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் டிங்கருக்கு அந்த 'ஓ' சோற்றில் கல் மாதிரி ஆகிவிட்டது. பெரிசின் எம்ப்ளத்தில் பெயருக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். சின்னதில் அது இருக்காது. ஒரு சிவப்புக் கோடு. அதற்காக அவன் ஒரு டூப்ளிகேட் எம்ப்ளத்துக்கு ஆர்டர் கொடுத்தான். வந்தது. பிரித்துப் பார்த்தான். மிட்டாய் ஒட்டின காகிதம் மாதிரி லேசாக இருந்தது. பின்னால் தகரத்தில் இறங்குகிற ஊசி இல்லை, வெறும் டேப். பத்தடி தூரத்திலிருந்தே அவனுக்குப் பொய் தெரிந்தது. ஊருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். தன் கையால் நிமிர்த்திய வண்டியில் அதை ஒட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

அந்த வாரமே அண்ணனின் பெரிசு ஷெட்டுக்கு வந்தது. சைட்டில் ஒரு கம்பி சரிந்து பின்பக்கம் கீறிவிட்டது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எம்ப்ளத்தைக் கழற்றி மேசையில் வைத்தான் டிங்கர். ஒரிஜினல். கையில் கனத்தது. பின்னால் இரண்டு ஊசி.

மூன்று நாள் அது மேசையில் கிடந்தது. நாலாவது நாள் அண்ணன் வண்டியின் பின்னால் டூப்ளிகேட் போனது. ஒரிஜினல் தம்பி வண்டிக்கு வந்தது. ஊசி இறங்குவதற்காக, தானே தட்டிச் சமன் செய்த தகரத்தில் தானே டிரில் வைத்து இரண்டு ஓட்டை போட்டான். அண்ணன் பின்னால் போய் நின்று வண்டியைப் பார்க்கிற ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அண்ணன் ஷெட்டுக்கு வருகிற நாளில் மட்டும் சின்னதைக் கவர் போட்டு மூடி வைத்தான்.

இப்போது அண்ணனுக்கு இடுப்பு போய்விட்டது. சாரத்தில் குனிந்து குனிந்து தேய்ந்த எலும்பு. "ஏறினா இறங்க முடியல, இறங்கினா நிமிர முடியல. நாலு பேர் சேர்ந்து என்னைக் கழட்டி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு விற்பதற்கு ஆள் பார்த்தார். பல் டாக்டரம்மா ஒருவர் கேட்டிருந்தார்.

டாக்டரம்மா வண்டி பார்க்க வருகிற நாள் இன்று.

காலை பத்தரைக்கு டிங்கரின் போன் அடித்தது.

"டேய், என் வண்டி எம்ப்ளம் டூப்ளிகேட்டாம்டா."

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"டாக்டரம்மா ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. பெயிண்ட் தடிமன் பாக்குற மீட்டர் வெச்சிருக்கான். பின்பக்கம் ஜாஸ்தி காட்டுதுன்னான். சரி, கீறிடுச்சு, தம்பி ஷெட்ல அடிச்சதுன்னு நானே சொன்னேன். அப்புறம் எம்ப்ளத்தை நகத்தால சுரண்டினான். சிவப்பு நகத்தோட வந்துடுச்சு. இதுவே பொய்னா இன்னும் எதெல்லாம் பொய்யோன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறான்டா. இருக்கியா?"

"இருக்கேன்ணே."

"அந்த வண்டி என் கையை விட்டு வேற எங்கயும் போனதில்ல. உன் ஷெட்டுக்கு மட்டும்தான். உன் மச்சான்தானே பெயிண்ட் அடிச்சான்?"

பெயிண்டர் டிங்கருடைய மனைவியின் தம்பி. ஷெட்டின் கடைசியில், பிளாஸ்டிக் தாள் கட்டிய மறைப்புக்குள், ஒரு கதவுக்கு இரண்டாம் கோட் அடித்துக்கொண்டிருந்தான்.

"அவன்தான் அடிச்சான்" என்றான் டிங்கர்.

"ஒரிஜினலை எடுத்து வித்திருப்பானா?"

இந்த இடத்தில் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிங்கரின் வாயில் வந்தது வேறு.

"விசாரிக்கிறேன்ணே."

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. "புரியுது. அவங்களைக் கூட்டிட்டு நேரா அங்கயே வரேன். எனக்கு மறைக்க ஒண்ணும் இல்லன்னு தெரியணும்."

தையல் மிஷின் நின்றிருந்தது. டிங்கரின் மனைவி ஷெட்டின் ஒரு மூலையில் கார் சீட்டுக்கு உறை தைப்பவள். கனமான ரெக்சினை முழங்காலால் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன விசாரிக்கணும்?"

சொன்னான். எம்ப்ளம் மாறியிருக்கிறது, அண்ணன் அவள் தம்பியைச் சந்தேகப்படுகிறார். இரண்டும் உண்மைதான். நடுவில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டான்.

அவள் தம்பிக்காகச் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தான். வந்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் வரவில்லை. ரெக்சினை மடித்து மிஷின் மேல் வைத்தாள்.

"எட்டு வருஷம் ஆச்சே" என்றாள். "இனிமே இல்லன்னுதானே நெனச்சேன்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி பஸ் டிப்போவில் பேட்டரி திருடி மாட்டிக்கொண்டவன். ஆறு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்த அன்று அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, கையில் ஸ்ப்ரே கன் வாங்கிக் கொடுத்து, "மூஞ்சியை மூடிட்டு வேலை பாரு, யாருக்கும் உன்னை அடையாளம் தெரியாது" என்று கிண்டல் செய்து சேர்த்துக்கொண்டது டிங்கர்தான். அதற்குப் பிறகு அவன் ஒரு பழைய போல்ட்டைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை. தும்மல் வந்தால்கூடச் சொல்லிவிட்டுத் தும்முகிற ஆள்.

பிளாஸ்டிக் தாளை விலக்கிக்கொண்டு பெயிண்டர் வெளியே வந்தான். மாஸ்க் நெற்றியில் ஏறியிருந்தது. எல்லாம் காதில் விழுந்திருந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மாமா, அன்னைக்கு நீங்கதானே கழட்டினீங்க. மேசையில வெச்சீங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஞாபகப்படுத்துகிற குரல்.

"வெச்சேன்" என்றான் டிங்கர். "அப்புறம் நான் பாக்கல, மாப்ள."

பெயிண்டர் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. ரெக்சினில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சரி மாமா."

மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கன்னைத் தின்னர் விட்டுக் கழுவினான். அவசரமே இல்லை. மூன்று தடவை கழுவி, ஊதிப் பார்த்து, துணியில் சுற்றினான். ஸ்ப்ரே கன் பெயிண்டருடைய சொந்தச் சாமான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருத்தன் கிளம்பினால் சாப்பிடப் போகிறான் என்று அர்த்தமில்லை.

"அந்தக் கதவு காய ஒரு மணி நேரம் ஆகும். தூசி விழாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டிங்கர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அடுத்த வார்த்தை என்ன என்று அவனுக்குத் தெரியும். வேலை செய்யலாம் என்று சுத்தியலை எடுத்தான். பிடிமானம் கிடைக்கவில்லை. தகரத்தில் விழ வேண்டிய அடி இரண்டு தடவை கட்டை விரலில் விழுந்தது. வலித்தது நல்லதாகப் பட்டது.

பதினொன்றரைக்குப் பெரிசு வந்து நின்றது. அதற்குப் பின்னால் டாக்டரம்மாவின் கார்.

அண்ணன் இறங்கியதே தனி வேலை. முதலில் ஒரு கால். பிறகு கூரை மேல் ஒரு கை. பிறகு உள்ளே கதவைப் பிடித்த இன்னொரு கை. "ஏலேலோ போடுங்கடா யாராவது" என்று முனகிக்கொண்டே நிமிர்ந்தார். சிரிப்பு கண் வரை வரவில்லை.

டாக்டரம்மா நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மீட்டர்காரர் பேசுகிறவர். ஷெட்டைக் கண்ணாலேயே அளந்தார். காய்ந்துகொண்டிருந்த கதவின் அருகில் போய்க் குனிந்து பார்த்தார்.

"யாரு அடிச்சது? கண்ணாடி மாதிரி இருக்கே."

அண்ணன் பிளாஸ்டிக் மறைப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்கடா அவன்?" என்றார் அண்ணன்.

"போயிட்டான்" என்றாள் டிங்கரின் மனைவி.

"போயிட்டானா." அண்ணன் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா. நான் சொன்னேன்ல. ஏற்கனவே உள்ள போய்ட்டு வந்தவன். குடும்பத்து ஆளாச்சேன்னு வெச்சிருந்தோம். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. திருடன் கை பட்டது ஒண்ணுதான் குத்தம்."

டிங்கரின் மனைவி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். கை இரண்டையும் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க பெரியத்தான். நாலு பேருக்கு முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு. என் தம்பிக்காக நான் கேட்டுக்கறேன்."

அவள் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டு டிங்கர் பார்த்ததில்லை. அவனிடமே கேட்டதில்லை. கட்டி இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட. டிங்கருக்குக் காதுமடல் சூடாகி, அந்தச் சூடு கழுத்து வழியாக இறங்கியது. செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கால் விரலில் வண்டிக்குப் பூசுகிற பட்டி ஒட்டியிருந்தது.

"விடும்மா, நீ என்ன பண்ணுவ" என்றார் அண்ணன்.

மீட்டர்காரருக்கு இந்தச் சங்கடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. கவர் போட்ட வண்டியைக் கையால் காட்டினார். "அது என்ன சார், அதே பாடி மாதிரி தெரியுது?"

"தம்பி வண்டி. சின்னது. செத்துக் கிடந்ததை எழுப்பி உக்கார வெச்சிருக்கான்." அண்ணனின் குரலில் இப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. "ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. ரோட்டுக்கு வந்த புதுசுல ஒரு நாள் ஓட்டிப் பாத்தேன். வளைவுல என்னோடத விட அதுதான் நல்லா திரும்புது."

"திரும்பும் சார். மூக்குல கனம் கம்மி. பெரிசை வாங்கறவன் பாதிப் பேரு பின்னாடி இருக்கிற எழுத்துக்குத்தான் வாங்கறான். ஓட்டத் தெரிஞ்சவன் சின்னதைத்தான் தேடுவான். நானே தேடிட்டிருக்கேன்." அவர் நடக்க ஆரம்பித்தார். "ஒரு நிமிஷம் பாத்துக்கட்டுமா?"

எட்டடிதான். அதற்குள் டிங்கர் குறுக்கே போய் நின்றுவிட்டான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பூட்டியிருக்கிறது என்று சொல்லலாம். பெயிண்ட் ஈரமாக இருக்கிறது என்று சொல்லலாம். இரண்டு பொய்யும் நாக்கு நுனியில் தயாராக நின்றன. மனைவி இன்னும் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டிங்கர் குனிந்து, கவரைப் பின்பக்கத்திலிருந்து பிடித்து இழுத்தான்.

சிவப்புக் கோடு வெளிச்சத்தில் நன்றாகவே மின்னியது.

மீட்டர்காரர் ஏதோ சொல்ல வந்து டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டிங்கர் சுவரில் தொங்கிய ஹீட் கன்னை எடுத்து எம்ப்ளத்தின் மேல் சூடு காட்டினான். மேசை டிராயரிலிருந்து நைலான் நரம்பை எடுத்து, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, எம்ப்ளத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்தான். பழகின வேலை. பசை விட்டுக்கொடுத்தது. ஊசியோடு சேர்ந்து வெளியே வந்தது.

அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

டிங்கருக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. எந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், மாறிப் போகாமலிருக்க அதன் பின்னால் வெள்ளை மார்க்கரில் யாருடையது என்று எழுதி வைப்பான். இருபது வருஷமாக ஒரு நட்டுகூட மாறினதில்லை என்று பீற்றிக்கொள்வான். இதிலும் எழுதியிருந்தான். திருடுகிறபோதுகூட அதை அழிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

'அண்ணன்' என்று இருந்தது. அவன் கையெழுத்து.

அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வார்த்தையைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம்.

"ஏன்டா?"

"பங்க்ல ஒருத்தன்..." என்று ஆரம்பித்தான் டிங்கர். "சின்னதான்னு கேட்டான்."

வெளியே சொன்னபோது அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. அந்த ஆளுடைய முகம்கூட அவனுக்கு ஞாபகமில்லை.

அண்ணன் அறைவார் என்று எதிர்பார்த்தான். அண்ணனுக்குக் கோபமே வரவில்லை போலிருந்தது. வேறு ஏதோ வந்தது. முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிவிட்டது.

"அவனைத் திருடன்னு சொன்னேன்டா" என்றார். "வீட்டு வாசல்ல ஒரு தடவை. இங்க ஒரு தடவை. நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்த."

டிங்கர் தலையை ஆட்டினான்.

மனைவியின் கை துடைப்பதை நிறுத்தியிருந்தது. அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல. அதோடு சரி. பிறகு அவன் பக்கமே திரும்பவில்லை.

"அம்மா," என்று அண்ணன் டாக்டரம்மாவிடம் சொன்னார், "வண்டி நல்ல வண்டி. மத்தது எங்க வீட்டு அசிங்கம். இன்னைக்கு வியாபாரம் பேசற நெலமையில நான் இல்ல."

"பரவால்ல" என்றார் டாக்டரம்மா. "வண்டி எங்கயும் போகாது. அந்தத் தம்பியைப் போய்ப் பாருங்க." காரில் ஏறும்போது மீட்டர்காரர் மட்டும் சின்னதின் பின்னால் இருந்த இரண்டு ஓட்டையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். சாவு வீட்டில் கொட்டுகிற மாதிரி.

அவர்கள் போனதும் அண்ணன் கையை நீட்டினார். "சாவி."

"எது?"

"இதுதான். சின்னது. பெரிசுல அந்தப் பொய்யை ஒட்டிக்கிட்டு அவன் ரூம் வாசல்ல போய் நிக்க முடியாது."

எம்ப்ளத்தைத் தம்பியின் கையில் வைத்தார். அதே கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார். கூரையைப் பிடித்து, முதலில் ஒரு கால், பிறகு இடுப்பு, பிறகு ஒரு முனகல். அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு டிங்கரின் மனைவி ஏறி உட்கார்ந்தாள்.

டிங்கரும் ஓரடி எடுத்து வைத்தான். இரண்டே சீட் என்பது அப்போதுதான் உறைத்தது.

வண்டி ஷெட்டை விட்டு வெளியே போய்த் திரும்பியது. நன்றாகத்தான் திரும்பியது. பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு ஓட்டை மட்டும்.

டிங்கர் பெரிசின் பின்னால் போய் முட்டி போட்டான். டூப்ளிகேட்டை நகத்தால் நெம்பினான். சிரமமே இல்லாமல் வந்தது. அதன் பின்னால் ஒன்றும் எழுதவில்லை, அது யாருடையதும் இல்லை. ஒரிஜினலை எடுத்துத் துடைக்கும்போது ஷெட்டின் பின்பக்கத் தகரக் கதவு கிறீச்சிட்டது.

பெயிண்டர். துணியில் சுற்றிய கன் கக்கத்தில் இருந்தது. உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றான்.

"மாஸ்க்கை மறந்துட்டேன் மாமா" என்றான். "அது என் காசுல வாங்கினது. சும்மா எடுத்துட்டுப் போனா அதுக்கும் ஒரு பேச்சு வரும். அதான் சொல்லிட்டு எடுத்துக்கலாம்னு வந்தேன்."

சுற்றிலும் பார்த்தான். காய்ந்த கதவைப் பார்த்தான். காலியான மூலையைப் பார்த்தான். "அக்கா எங்க? பெரிய மாமா வண்டி நிக்குது, ஆள காணோம்?"

டிங்கர் எழுந்தான். கையை மறைக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் பெயிண்டர் பார்த்துவிட்டான். வெள்ளை எழுத்து மேலே பார்த்துக்கொண்டு இருந்தது.

பெயிண்டரின் முகம் மலர்ந்தது. கன்னைக் கக்கத்திலிருந்து எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"கிடைச்சிடுச்சா மாமா? அப்பாடா. எங்க இருந்துச்சு?"